ஆப்பிரிக்காவின் தெற்கில் தன்னார்வ வேலை, அப்புறம் தோழிகளோடு பயணம்: இந்த பேக்கேஜை எடுக்கலாமா?

பாளை பிசியோ:

வணக்கம். நான் பாளையங்கோட்டை. பிசியோதெரபி முடித்து இரண்டரை வருடமாக இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட இருக்கிற தோழிகள் இரண்டு பேர். ஒருத்தி காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள், இன்னொருத்தி சிவில் படித்து சைட்டில் இருக்கிறாள். மூன்று பேர் வீட்டிலும் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்டது, அதற்குள் ஒரு தடவையாவது சேர்ந்து தூரமாகப் போய்வர வேண்டும், வெறுமனே சுற்றிப் பார்க்காமல் யாருக்காவது உருப்படியாக வேலை செய்துவிட்டு வர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ஒரு ஏஜென்ட் மூலமாக தென்னாப்பிரிக்காவில் நான்கு வாரத்துக்கு ஒரு பேக்கேஜ் வந்திருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஒரு அனாதை இல்லத்தில் குழந்தைகளோடு, அடுத்த இரண்டு வாரம் ஒரு பண்ணையில் சிங்கக்குட்டிகளுக்குப் பாட்டிலில் பால் கொடுத்து வளர்ப்பது. விமான டிக்கெட் சேர்க்காமல் ஆளுக்கு 2,10,000 ரூபாய். சுற்றுலா விசா போதும் என்கிறார்கள். அது முடிந்தபிறகு இரண்டு வாரம் நாங்களாகவே விக்டோரியா அருவி, முடிந்தால் மலாவி ஏரி என்று போகலாம் என்று திட்டம். ஜூன் மாதம் கிளம்ப நினைக்கிறோம்.

அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள், போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள். அம்மா தினமும் ராத்திரி இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

அம்பை வாத்தியார்:

அம்மா, நான் 1998 முதல் 2001 வரை மலாவியில், சோம்பா பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவன். சோம்பா 1975 வரை அந்த நாட்டின் தலைநகரம். ஊருக்குப் பின்னால் அப்படியே ஒரு மலை எழும்பி நிற்கும், காலையில் மேகம் இறங்கியிருக்கும்போது பார்த்தால் அம்பையில் நின்று பொதிகையைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். மூன்று வருடம் எனக்கு ஊர் ஞாபகம் வந்தபோதெல்லாம் அந்த மலையைத்தான் பார்ப்பேன்.

அந்த அனாதை இல்லப் பகுதியை விட்டுவிடுங்கள். இதை நான் யோசிக்காமல் சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு இல்லம் இருந்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து புது ஆட்கள் வருவார்கள், நல்ல மனசுக்காரர்கள்தான், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவார்கள், அதே பாட்டு, அதே ஏபிசிடி, சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், கிளம்பும்போது அழுவார்கள். பிள்ளைகளும் அழும். அடுத்த வாரம் வேறொரு கூட்டம். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு வருடத்தில் இருபது பேரிடம் பாசம் வைத்து இருபது பேரையும் இழந்தால் அதன் மனசு என்ன ஆகும்? அதைவிடக் கொடுமை, இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது பல நாடுகளில் தெரியவந்த உண்மை. வெளியாட்கள் பணம் கட்டி வரவர, காட்டுவதற்குப் பிள்ளைகள் வேண்டியிருக்கிறது. வறுமையில் இருக்கும் குடும்பத்திடம் படிக்க வைக்கிறோம் என்று சொல்லிக் கூட்டிவந்துவிடுகிறார்கள். நீங்கள் கட்டும் இரண்டு லட்சம் அந்தக் குடும்பத்துக்குப் போயிருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்கும்.

நம் ஊரிலேயே பார்த்தோமே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியபோது, வெளியூரிலிருந்து எவ்வளவு பழைய துணி வந்து குவிந்தது. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் அதைப் பிரித்து அடுக்கவே பத்து பேர் நான்கு நாள் நின்றோம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டபோது பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கண்ணால் பார்த்தார்கள், அதைச் செய்தார்கள். நீங்கள் போகும் இடத்திலும் முதலில் அதைக் கேளுங்கள்: உங்களுக்கு என்ன வேண்டும், நான் என்ன செய்யட்டும் என்று.

உங்களிடம் கைத்தொழில் இருக்கிறது, அது பெரிய விஷயம். மலாவியில் 1994ல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார்கள், ஒரே வருடத்தில் பிள்ளைகள் சுமார் 19 லட்சத்திலிருந்து 30 லட்சம் அளவுக்குப் போய்விட்டார்கள். ஒரு வகுப்பில் நூறு பேருக்கு மேல், மரத்தடியில் பாடம். அங்கே தேவைப்பட்டது ஒரு பருவம் முழுவதும் நிற்கக்கூடிய வாத்தியார். நான்கு வாரம் என்றால் நேரடியாக நோயாளிக்கோ பிள்ளைக்கோ வேலை செய்வதைவிட அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவருக்குக் கூடமாட நிற்பதுதான் பயன். பிசியோ என்றால் அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் நோயாளியைத் தொடவே கூடாது. யாராவது அதெல்லாம் வேண்டாம், வந்தால் போதும் என்று சொன்னால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மக்காச்சோள மாவில் கிண்டிய ந்சிமா நம் களி மாதிரிதான், கையால் உருட்டித் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். உசிபா என்று ஏரியில் பிடிக்கிற சின்ன மீன், காயவைத்தால் நெத்திலிக் கருவாடேதான். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். அறுவடை ஏப்ரல் வாக்கில், ஜனவரி முதல் மார்ச் வரை பல வீடுகளில் சோளம் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் என் வகுப்பில் பிள்ளைகள் பெஞ்சில் தலைசாய்த்தே இருப்பார்கள், கரும்பலகைக்குக் கூப்பிடவே மனசு வராது. அந்த நேரத்தில் ஒரு வீட்டில் உங்களுக்குச் சோறு போட்டால் அது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

சுரண்டை சிஸ்டர்:

வாத்தியார் ஐயா சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன். நான் ஜாம்பியாவில் நான்கு வருடம் நர்ஸாக இருந்தேன், அதனால் உடம்பு விஷயம் மட்டும் சொல்கிறேன், தங்கச்சி, இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

மலேரியா. ஜாம்பேசி ஆற்றுப்பக்கம், மலாவி ஏரிப்பக்கம், தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் காட்டுப்பக்கம் எல்லாம் மலேரியா உண்டு, கேப் டவுனில் இல்லை. தடுப்பு மாத்திரை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் ஊருக்குத் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் போட வேண்டும், இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். என்னோடு இருந்த ஒரு பெண் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், பத்தாம் நாள் காய்ச்சல். மழைக்காலம், நம் பக்கம் டெங்கு ஓடிக்கொண்டிருந்தது, போன இடத்தில் டெங்கு என்றே மூன்று நாள் பார்த்தார்கள், இவளும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததைச் சொல்லவில்லை. ஃபால்சிபாரம், மலேரியாவிலேயே ஆபத்தான வகை. மூளைக்குப் போகிற நிலைமையில்தான் கண்டுபிடித்தார்கள். பிழைத்துவிட்டாள், ஆனால் அந்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன். திரும்பி வந்து மாதக்கணக்கில் ஆனாலும் சரி, காய்ச்சல் என்றால் முதல் வாக்கியமே எந்த நாட்டிலிருந்து வந்தேன் என்பதாக இருக்கட்டும், ரத்தத்தில் மலேரியா பாருங்கள் என்று வாய்திறந்து கேள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகத் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை கேட்கலாம், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனியாக வைத்துவிட முடியும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் ஒரு ஊசி போதும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

மலாவி ஏரி பார்க்கக் கடல் மாதிரி, தண்ணீர் கண்ணாடி மாதிரி. இறங்கத்தான் தோன்றும். கரையோர நத்தைகளிலிருந்து பில்ஹார்சியா என்ற புழு தோல் வழியாக உடம்புக்குள் போகும். இறங்கினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை செய்துகொள், பிராசிகுவான்டல் மாத்திரையில் தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் நிற்கப்போகிறாய் என்றால், ஊசி குத்திவிட்டால் ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், அது அங்கே கிடைக்குமா என்று போவதற்கு முன்பே கேள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது வேறு ஊருக்கு விமானத்தில் தூக்கிப்போகும் செலவும் அதில் இருக்கிறதா என்று பார்.

தென்காசிச் சாரல்:

நான் ஆறு வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் வேலை, சொந்த ஊர் தென்காசி. சிங்கக்குட்டி விஷயத்தை யாரும் தொடவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும்.

குட்டியைத் தாயிடமிருந்து பிறந்த சில நாளிலேயே பிரித்துவிடுவார்கள். தாய் சீக்கிரம் அடுத்த ஈற்றுக்குத் தயாராக வேண்டுமே. தாயில்லாக் குட்டி, காட்டில் விடப்போகிறோம் என்று உங்களிடம் சொல்வார்கள். மனிதக் கையில் பால் குடித்து வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. கொஞ்சம் வளர்ந்ததும் அதோடு நடக்கப் பணம், அதற்குமேல் வளர்ந்தால் வேலிக்குள் வைத்தே வேட்டைக்காரனுக்குச் சுடக் கொடுப்பது, எலும்பை விற்பது. இந்தத் தொழிலை மூட வேண்டும் என்ற பரிந்துரையை 2024ல் தென்னாப்பிரிக்க அமைச்சரவையே ஏற்றுக்கொண்டது. நம் முண்டந்துறையில் எந்த வனக்காவலராவது புலிக்குட்டியை உங்கள் மடியில் கொடுப்பாரா? தொட விடுகிற இடம் எதுவும் பாதுகாப்பு மையம் இல்லை.

விசாவும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் சம்பளமில்லாத தொண்டு வேலைக்கும் அதற்கென்று குறிப்பிட்டு விசா வாங்க வேண்டும். சுற்றுலா விசா போதும் என்று ஏஜென்ட் சொல்வதே போதும், அவரை நம்பாமல் இருக்க.

பயணத்துக்கு ஜூன் ரொம்ப நல்ல மாதம். நமக்குக் குற்றாலம் சீசன், இங்கே குளிர்காலம், மழையில்லாத காலம். புல் காய்ந்து தண்ணீர் குறைவதால் மிருகங்கள் எல்லாம் குட்டைக்கு வந்துவிடும். க்ரூகர் சுமார் 20,000 சதுர கிலோமீட்டர், தென்காசி பிரிவதற்கு முந்தைய நெல்லை மாவட்டத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அரசாங்க முகாம்களிலேயே தங்கி நாமே கார் ஓட்டிப் பார்க்கலாம், பொழுது சாயும்போது கேட்டை மூடிவிடுவார்கள். இங்கேயும் இடப்பக்கம்தான் வண்டி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச உரிமம் வாங்கிக்கொண்டால் சரி. ராத்திரியில் மட்டும் நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள், மூன்று பெண்கள் என்பதால் மட்டும் சொல்லவில்லை, நானே ஓட்டுவதில்லை. ஸ்வெட்டர் கட்டாயம், காலையில் பல் கிட்டிக்கும்.

விக்டோரியா அருவி 1,700 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். ஊர்க்காரர்கள் மோசி-ஓவா-துன்யா என்பார்கள், இடிக்கிற புகை என்று அர்த்தம். ஏப்ரலில் போனால் சாரலில் அருவியே தெரியாது, அக்டோபர் நவம்பரில் ஜாம்பியா பக்கம் பாறைதான் தெரியும். ஜூன் கடைசி நடுவாக இருக்கும். பேரருவி முன்னால் நின்று வளர்ந்தவன் நான், அங்கே போய் நின்றபோது பேச்சு வரவில்லை.

டர்பனுக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். 1860 நவம்பர் 16ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வம்சம் அங்கே இருக்கிறது. பலருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள். கோயிலில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தாத்தா எந்த ஊரென்று தெரியவில்லை, நீ எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். தென்காசி என்றேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

பாளை பிசியோ:

நேற்று மூன்று பேரும் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தோம். பேக்கேஜ் வேண்டாம் என்று ஏஜென்ட்டிடம் சொல்லியாகிவிட்டது. சிங்கக்குட்டிப் படத்தைக் காட்டித்தான் இவர்களை நானே சம்மதிக்க வைத்திருந்தேன், மனசு கஷ்டமாக இருக்கிறது.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் ஒன்று கேட்கிறாள். அவளுக்குத் தெரிந்த சைகை மொழி அங்கே உதவுமா? ஏதாவது பள்ளிக்குப் போனால் பென்சில், நோட்டு எல்லாம் கொண்டுபோகலாமா?

தென்காசிச் சாரல்:

உதவாது தங்கச்சி. சைகை மொழி நாட்டுக்கு நாடு வேறு. தென்னாப்பிரிக்க சைகை மொழியை 2023 ஜூலையில் 12வது ஆட்சிமொழியாகவே ஆக்கிவிட்டார்கள், அது தனி மொழி. ஆனால் ஒன்று, சைகையில் யோசிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு சைகை மொழி சீக்கிரம் வரும். பாடம் எடுக்கப் போகிறேன் என்று எழுதாமல், வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அம்பை வாத்தியார்:

பென்சில் நோட்டு எதையும் பெட்டியில் அடைக்காதீர்கள். எது குறைவு என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அங்கேயே கடையில் வாங்குங்கள், அந்தக் கடைக்காரனும் பிழைப்பான். தெருவில் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசாதீர்கள். அப்புறம், மலாவியில் யாரிடமும் எடுத்தவுடன் விஷயத்தைக் கேட்கக் கூடாது. அவர்களின் சிச்சேவா மொழியில் மூலி ப்வாஞ்ஜி என்று நலம் விசாரித்து, அவர் திரும்ப விசாரித்து, அதற்குப் பிறகுதான் பேச்சு. நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறோமே, அதே மாதிரி. நன்றிக்கு ஸிகோமோ.

பாளை பிசியோ:

ஸிகோமோ ஐயா. அக்கா, அண்ணாச்சி, உங்களுக்கும். கிளம்புவதை அடுத்த வருடம் ஜூனுக்குத் தள்ளிவிட்டோம். மலாவியில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் பிசியோ பிரிவுக்கு, கவுன்சில் பதிவுக்கு என்னென்ன தாள் வேண்டும், எனக்கு அங்கே வேலை இருக்கிறதா இல்லையா என்று கேட்டு இன்று மெயில் எழுதினேன். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மூன்று பேருக்கும் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட வேண்டும். அம்மாவும் கூட வருகிறேன் என்கிறார்கள், சென்னை வரைக்கும்.