ஜோனதன் டெய்லரை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: பலம் எது, குறை எது?

மேடிசன், விஸ்கான்சின்

2017 முதல் 2019 வரை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ரன்னிங் பேக்காக, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறவராக, ஆடிய ஜோனதன் டெய்லரைப் பற்றி யார் பேச்சை எடுத்தாலும் இரண்டு கட்சியாகிவிடுகிறது. ஒரு கட்சி, மூன்றே சீசனில் 6,174 யார்டு என்று ஆரம்பிக்கும். மறு கட்சி, 18 ஃபம்பிளை, அதாவது பந்தைக் கைநழுவ விட்டதை, எங்கே வைப்பாய் என்று கேட்கும். இரண்டு கணக்கும் உண்மைதான். ஆனால் கணக்கை யாரும் உட்கார்ந்த இடத்திலேயே எடுத்துவிடலாம். மைதானத்தில் கண்ணால் பார்த்தது என்ன என்று சொல்லுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

விஸ்கான்சினின் சொந்த மைதானமான கேம்ப் ராண்டலில் மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். 2019 செப்டம்பரில் மிச்சிகன் வந்த ஆட்டத்தைத்தான் சொல்லவேண்டும். முதல் குவார்ட்டரிலேயே 143 யார்டு, அதில் 72 யார்டு ஓடி, பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன். டிவியில் பார்த்தால் அந்த ஓட்டம் வெறும் வேகமாகத் தெரியும். நேரில் பார்த்தால் வேகத்துக்கு முன்னால் ஒரு பொறுமை தெரியும். பந்து கைக்கு வந்தவுடன் அவர் பாயமாட்டார். முன்னால் வழி திறந்துகொண்டு போகும் லைன்மேனின் முதுகை ஒட்டிச் சின்னச் சின்ன அடியாக வைத்துப் போவார். அவரை மறிக்க நிற்கும் எதிரணி லைன்பேக்கர் ஏதாவது ஒரு பக்கம் சாயும்வரை காத்திருப்பார். சாய்ந்தால் போதும், மறுபக்கம் ஒரே ஒரு திருப்பம். அதற்குப் பிறகு அவரைப் பின்னாலிருந்து யாராவது பிடித்ததாக எனக்கு நினைவில்லை. உடம்பை ஆட்டி, சுழன்று ஏமாற்றும் வேலையெல்லாம் அவரிடம் ரொம்பக் குறைவு. அதனாலேயே பலருக்கு அவர் ஆட்டம் "சாதாரணமாக" தெரிந்தது என்று நினைக்கிறேன்.

குறையும் அங்கேயேதான் கண்ணில் பட்டது. திரும்பும் அந்த ஒரு நொடியில் பந்து விலாவை விட்டு விலகும். முழங்கை வெளியே போகும். திருவிழாக் கூட்டத்தில் பர்ஸைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. பின்னாலிருந்து வருகிறவன் ஆளைப் பிடிக்கவே வேண்டாம், பந்தில் ஒரு குத்து விட்டால் போதும். முதல் வருடத்தில் சின்னப் பையன், சரியாகிவிடும் என்றோம். மூன்றாவது வருடமும் அதேதான்.

கொலம்பஸ், ஒஹாயோ

ஃபம்பிளை விடுங்கள் அண்ணா. என் புகார் வேறு. முன்னால் நிற்கும் லைன்மேன்கள் வழி திறந்துவிட்டால் அவர் ராஜா. லைன் தோற்றால்?

2019 அக்டோபர் 26, எங்கள் ஊர் ஆட்டம். நல்ல மழை. நான் ஒஹாயோ ஸ்டேட் ரசிகன், அதை மறைக்கவில்லை. டெய்லர் 20 தடவை பந்தை எடுத்து 52 யார்டுதான் ஓடினார். 38-7 என்று முடிந்தது. எங்கள் டிஃபென்ஸ் வீரர் சேஸ் யங் அன்று செய்ததுதான் ஊர் முழுக்கப் பேச்சு, ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது நடுவில் இருந்த எங்கள் டிஃபென்ஸ் லைனை. பந்து வாங்கிய இடத்திலேயே எதிரில் இரண்டு பேர். நீங்கள் சொன்ன அந்தப் பொறுமை அன்று அவருக்கே எதிரியாகிவிட்டது. காத்திருக்க இடமே இல்லை. சின்ன உருவத்தில் சட்டென்று பக்கவாட்டில் நழுவுகிற ஆளாக இருந்தால் பூஜ்யத்தை இரண்டு மூன்று யார்டாகவாவது ஆக்கியிருப்பார். இவர் அந்த ரகம் இல்லை. இரண்டு அணியும் ஆடும் பிக் டென் லீக்கின் 2017 இறுதியாட்டத்திலும் எங்களிடம் 15 தடவையில் 41 யார்டுதான்.

ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. 2019 டிசம்பரில் இண்டியானாபொலிஸில் நடந்த பிக் டென் இறுதியாட்டத்தில் மறுபடியும் மோதினோம். இடைவேளையில் விஸ்கான்சின் 21-7 என்று முன்னிலை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அதே டெய்லர், கிட்டத்தட்ட அதே எதிரணி, 148 யார்டு. கடைசியில் 34-21 என்று நாங்கள் ஜெயித்தோம், ஆனால் அந்த முதல் பாதியைப் பார்த்த யாரும் அவரை மட்டமாகப் பேசமாட்டார்கள்.

ஷாம்பெய்ன், இல்லினாய்

ஃபம்பிளை விடச் சொல்கிறார் கொலம்பஸ்காரர். எங்களால் எப்படி விடமுடியும்? எங்கள் வாழ்க்கையின் சந்தோஷமே அதுதானே!

கொலம்பஸ் ஆட்டத்துக்கு முந்தைய வாரம், 2019 அக்டோபர் 19, எங்கள் இல்லினாய் அணியோடு ஆட்டம். விஸ்கான்சின் தோல்வியே காணாமல் வந்திருந்தது. பந்தயக்காரர்கள் 30 புள்ளிக்கு மேல் வித்தியாசம் போட்டிருந்தார்கள். என்னோடு வந்த ரூம்மேட் பாதியில் கிளம்பிவிடலாம், பரீட்சைக்குப் படிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். டெய்லர் அன்றும் 132 யார்டு ஓடினார், குறை சொல்லமுடியாது. நான்காவது குவார்ட்டரில் 23-14. அவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினாலே போதும். அதற்காகத்தானே அப்படி ஒரு ரன்னிங் பேக்! அந்த நேரத்தில் பந்து நழுவியது. எங்கள் பக்கத்தில் முதலில் யாருமே கத்தவில்லை. குவியலிலிருந்து எங்கள் ஆள் பந்தோடு எழுந்த பிறகுதான் சத்தம் கிளம்பியது. உடனே டச்டவுன். பிறகு பந்தை எறியும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் பாஸை எங்கள் ஆள் கையில் போட்டுவிட்டார். கடிகாரம் பூஜ்யத்துக்கு வரும்போது 39 யார்டிலிருந்து உதைத்த ஃபீல்டு கோல், 24-23 என்று நாங்கள் ஜெயித்தோம். எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள், படிக்கவேண்டும் என்றவன் எனக்கு முன்னால் இறங்கியிருந்தான்.

ஒரு ஃபம்பிளுக்கு எவ்வளவு விலை என்று கேட்டால் நான் அந்த ஆட்டத்தைக் காட்டுவேன். 18-ல் ஒன்று என்று எழுதினால் சின்னதாகத்தான் தெரியும்.

வெஸ்ட் லஃபயெட், இண்டியானா

ஷாம்பெய்ன் நண்பர் கொடுத்துவைத்தவர். எங்களுக்கு நடந்தது தலைகீழ்.

2018 நவம்பர், ராஸ்-எய்டு மைதானம். கையுறைக்குள் விரல் மரத்துப்போகிற குளிர். நான்காவது குவார்ட்டரில் எங்கள் பர்டூ அணி 27-13 என்று முன்னிலை. ஜெயித்தாகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் போட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்று டெய்லர் 33 தடவை ஓடி 321 யார்டு எடுத்தார். மூன்றாவது ஓவர்டைமில் 17 யார்டு ஓடி முடித்துவைத்ததும் அவரே. 47-44.

நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் பாதியில் எங்கள் ஆட்கள் அவரைத் தோளால் மோதி நிறுத்தப் பார்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் யாரும் மோதவில்லை, கையை நீட்டிச் சட்டையைப் பிடிக்கத்தான் பார்த்தார்கள். சுமார் 100 கிலோ எடையுள்ள ஆள் அந்த வேகத்தில் முப்பது தடவை வந்து இடித்தால் எதிரில் நிற்பவன் மனசு என்ன ஆகும்? அவருடைய உண்மையான பலம் அதுதான் என்பது என் கட்சி. முதல் ஓட்டமும் முப்பதாவது ஓட்டமும் ஒரே மாதிரி இருந்தது. களைத்தது எங்கள் ஆட்கள்தான்.

எடிசன், நியூ ஜெர்சி

எங்கள் மாநிலத்துப் பையன், சேலம் ஊர். (நம்ம சேலம் இல்லை, இங்கே தெற்கு ஜெர்சியில் ஒன்று இருக்கிறது.) முதலில் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அப்புறம் மனசு மாறி விஸ்கான்சின் போனார். ரட்கர்ஸ் ரசிகனான என்னிடம் இதற்கு மேல் கேட்காதீர்கள். பள்ளியில் 100 மீட்டர் ஓட்டக்காரர், கல்லூரியில் தத்துவம் படித்தார் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேடிசன், விஸ்கான்சின்

ரட்கர்ஸ் அண்ணனுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.

கொலம்பஸ் தம்பி சொன்ன லைன் விஷயத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன், பாதிக்கு. டைட்டர், பென்ஷாவல், எட்வர்ட்ஸ், பியாடஸ் என்று வரிசையாக என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்குப் போன ஆட்கள் முன்னால் நின்றார்கள். அப்படி ஒரு சுவருக்குப் பின்னால் யார் ஓடினாலும் ஆயிரம் யார்டு வரும் என்பார்கள். வரட்டும். ஆனால் 1,977, 2,194, 2,003 என்று மூன்று வருடமும் வருமா? அதே சுவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஓடினார்கள், அவர்கள் ஓட்டம் பத்து யார்டில் நிற்கும். இவருடையது அறுபதில் போய் நிற்கும்.

பாஸ் பிடிப்பதைப் பற்றி யாருமே பேசவில்லையே?

இண்டியானாபொலிஸ், இண்டியானா

அதைச் சொல்லத்தான் வந்தேன். 2020-ல் என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் சமயத்தில் நான் எங்கள் ஊர் கோல்ட்ஸ் அணியின் ரசிகன், எங்கள் அணி அவரை 41-வது இடத்தில் எடுத்தது. ஆபீஸில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. கை சரியில்லை, பாஸ் பிடிக்கத் தெரியாது, அதற்குள் 926 தடவை ஓடித் தேய்ந்துபோன கால் என்றார்கள். அவருக்கு முன்னால் இரண்டு ரன்னிங் பேக்குகள் போய்விட்டார்கள், எட்வர்ட்ஸ்-ஹெலேரும் ஸ்விஃப்டும். இரண்டு பேரும் பாஸ் பிடிப்பதில் பேர் வாங்கியவர்கள்.

முதல் இரண்டு வருடத்தில் சீசனுக்கு 8 பாஸ்தான் பிடித்தார், உண்மை. ஆனால் பெரும்பாலும் பாஸ் எறியும் மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, வந்தால் விஸ்கான்சின் அவரை வெளியே கூப்பிட்டு இன்னொரு ரன்னிங் பேக்கான க்ரோஷெக்கை உள்ளே அனுப்பிவிடும். எறிந்தால்தானே பிடிக்க? 2019-ல் எறிந்தார்கள், 26 பிடித்தார், அதில் 5 டச்டவுன். என்எஃப்எல் வந்து முதல் வருடம் 36, அடுத்த வருடம் 40. கேட்காத வேலையைத் தெரியாத வேலை என்று எழுதிவிட்டார்கள்.

கால் தேய்ந்த கதைக்கும் பதில் சொல்கிறேன். 2021-ல் 332 தடவை ஓடி 1,811 யார்டு, லீக்கிலேயே முதலிடம். அதற்கு அடுத்த வருடம் கணுக்காலில் அடி. கல்லூரியில் ஓடிய 926-ஆல் வந்ததா, அந்த 332-ஆல் வந்ததா என்று என்னால் பிரிக்கமுடியவில்லை, பிரிக்கமுடியும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இன்னொன்று. கொலம்பஸ்காரர் சொன்ன 41 யார்டு ஆட்டம் நடந்தது லூகஸ் ஆயில் மைதானத்தில். 1,811 எடுத்த வருடம் அவருடைய சொந்த மைதானமும் அதுதான். மைதானத்தைக் குறை சொல்லமுடியாது!

டென்வர், கொலராடோ

பாஸ், கால் எல்லாம் சரி. ஃபம்பிள் தீர்ந்ததா என்று யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்.

2024 டிசம்பர், நான் எங்கள் ஊர் அணியான ப்ராங்கோஸ் ஆட்டத்துக்குப் போயிருந்தேன், கோல் லைன் தெரிகிற மூலையில் இடம். கோல்ட்ஸ் 13-7 என்று முன்னிலை. டெய்லர் 41 யார்டு ஓடி எங்கள் பக்கமே வந்தார். மேலே படிக்கும் முன் மேடிசன் நண்பர் உட்கார்ந்துகொள்ளவும். யாரும் தட்டவில்லை, யாரும் குத்தவில்லை. கொண்டாட்டத்தில் கோட்டைத் தாண்டும் முன்பே பந்தைத் தானே கீழே விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த நாங்கள் டச்டவுன் என்று நினைத்துத் தலையில் கைவைத்துக்கொண்டோம். ரீப்ளே வந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. டச்பேக், பந்து எங்களுக்கு. 31-13 என்று ஜெயித்தோம்.

மேடிசன், விஸ்கான்சின்

பார்த்தேன் சார். டிவியில்தான். இங்கே நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கும் நான் போட்ட சத்தம்.

இருந்தாலும் கடைசி நிமிடத்தில் நாலு யார்டு வேண்டும், ஓடித்தான் எடுக்கவேண்டும் என்றால் நான் பந்தை அவரிடம்தான் கொடுப்பேன். இரண்டு கையாலும் பிடி என்று ஒருமுறை கத்திவிட்டு. பர்டூ நண்பர், அந்தக் கடைசி ஓட்டத்தில் அவர் பந்தை எந்தக் கையில் வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா?