பண்டில் என்பதற்குத் தமிழில் என்ன? (ஐசியு தொற்றுத் தடுப்புக் கையேடு, அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியருக்கான தொற்றுத் தடுப்புக் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: பண்டில். சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் செருகும் குழாய்) போடும்போது கை சுத்தம், தொப்பி முகக்கவசம் முதல் நோயாளியை மூடும் பெரிய விரிப்பு வரை முழுத் தடுப்பு, தோலில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, முடிந்தவரை தொடைச் சிரையைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவது, இந்த ஐந்தையும் சேர்த்து அப்படிச் சொல்கிறார்கள். வென்டிலேட்டருக்கு ஒன்று, சிறுநீர்க் குழாய்க்கு ஒன்று என்று வேறு பண்டில்களும் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, என்ன போடலாம்?
– ம.

———

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கட்டு. விறகுக்கட்டு, புல்லுக்கட்டு, ஏட்டுக்கட்டு என்று காலங்காலமாகப் புழங்கும் சொல். மையச்சிரைக் கட்டு, மூச்சுப்பொறிக் கட்டு. கட்டுப்படுத்துவது என்ற பொருளும் உள்ளேயே கிடக்கிறது, தொற்றைக் கட்டுவதுதானே வேலை.
– பு.

———

பு. ஐயா, கோபப்படாதீர்கள். வார்டில் கட்டு என்றால் புண்ணுக்குப் போடுகிற கட்டுதான். "மூன்றாம் படுக்கைக்குக் கட்டு பார்த்தாச்சா" என்று கேட்டால் புதிதாக வந்த பெண் காஸ் துணியைத் தேடி ஓடுவாள். அதுவும் சென்ட்ரல் லைன் போட்ட இடத்தின்மேலேயே ஒரு கட்டு ஒட்டியிருக்கும், அது நனைந்தாலோ பிரிந்தாலோ உடனே மாற்றியாக வேண்டும். அதையும் இதையும் ஒரே சொல்லால் சொன்னால் எதைச் சொல்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. நாங்கள் பண்டில் என்றுதான் சொல்கிறோம், இதுவரை யாரும் குழம்பவில்லை.
– செ.

———

கட்டு வேண்டாம் என்றால் தொகை. எட்டுத்தொகை இருக்கிறது. இல்லாவிட்டால் கொத்து.
– இ.

———

> தொகை

மருத்துவமனையில் தொகை என்றால் பில் அண்ணா! "உங்கள் அப்பாவுக்கு இன்னும் தொகை முடியவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஆள் பணத்துக்கு ஓடுவார். கொத்து அதைவிட மோசம். ஒரே பிரிவில் நாலைந்து பேருக்கு ஒரே கிருமி வந்தால் அதைத்தான் தொற்றுக்கொத்து என்கிறோம். தடுப்பதற்கும் பரவுவதற்கும் ஒரே சொல்லா?
– செ.

———

நண்பர்களே, நம் முன்னோர் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்களுக்கு மருந்தின் பெயர். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்தது திரிகடுகம், பாட்டுக்கு மூன்று கருத்து. ஐந்து வேர் சேர்ந்தது சிறுபஞ்சமூலம்: கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி. பாட்டுக்கு ஐந்து. ஏலாதி ஆறு. பல சரக்கைச் சேர்த்தால்தான் மருந்து என்பதை நூற்பெயராகவே வைத்தவர்களுக்குப் பண்டிலா புதிது? சென்ட்ரல் லைனுக்கு ஐம்மூலம் என்று வையுங்கள், பஞ்சமூலம் என்றால் பு. ஐயா வடசொல் என்று சண்டைக்கு வருவார். இன்னொன்று, பண்டில் என்ற ஆங்கிலச் சொல்லும் நாம் சொல்லும் பந்தமும் ஒரே வேரில் கிளைத்தவை, கட்டுதல் என்ற பொருளில். ஆக, பண்டில் என்பவர் பந்தம் என்றும் சொல்லலாம். பந்தத்திலிருந்து பந்தல் வரை ஒரு பெரிய கதை இருக்கிறது, தனி மடலில் எழுதுகிறேன்.
– வே.

———

வே. ஐயா, அந்தத் தனி மடலைத் தனியாகவே அனுப்புங்கள். ஐம்மூலம் அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாப் பண்டிலிலும் ஐந்து இருக்காது. வென்டிலேட்டர் பண்டில் முதலில் நான்கோடு வந்தது, வாய் சுத்தம் பிறகு சேர்ந்தது. எண்ணிக்கையைப் பெயரில் வைத்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயர் மாற்ற வேண்டும்.

முக்கியமான ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். பண்டில் என்றால் சேர்த்து வைத்தது மட்டுமல்ல, ஐந்தில் நான்கைச் செய்தால் அதற்கு மதிப்பெண் நான்கு கிடையாது, சுழி. காரணம் இருக்கிறது. ஒவ்வொரு படியையும் 100க்கு 90 முறை சரியாகச் செய்கிற ஒரு நல்ல ஐசியுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் விடுபட்டால், ஐந்தும் ஒருசேர நடப்பது 100க்கு 59 முறைதான். மீதி 41 பேருக்கு எங்கோ ஓர் ஓட்டை, ஆனால் தனித்தனியாக எண்ணினால் எல்லாமே 90, எல்லோருக்கும் திருப்தி. ஐஎச்ஐ என்ற அமெரிக்க மருத்துவத் தர மேம்பாட்டு நிறுவனம் 2001இல் பண்டில் என்ற கருத்தைக் கொண்டுவந்தபோது அதன் உயிரே இந்த எல்லாம்-அல்லது-ஒன்றுமில்லை கணக்குதான். மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐசியுக்களின் தரவு 2006இல் வெளியானது. ம. எழுதிய அதே ஐந்துதான், புது மருந்தோ புதுக் கருவியோ இல்லை. 1000 குழாய்-நாளுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய்-நாள்) சராசரி 7.7 இரத்தத் தொற்று என்றிருந்தது 18 மாதத்தில் 1.4 ஆனது. படி ஒன்று விடுபட்டால் டாக்டரையே நிறுத்தச் சொல்லும் உரிமை அங்கே செவிலியருக்குக் கொடுக்கப்பட்டது, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

தமிழ்ச் சொல் இந்த "ஒன்றும் விடாமல்" என்பதைச் சொல்லுமா? சொல்லாவிட்டால் பண்டிலே இருக்கட்டும்.
– மருத்துவர் ரா.

———

டாக்டரம்மா கேட்பதற்கு நம் இலக்கணத்தில் இடம் இருக்கிறது: முற்றும்மை. "ஐந்தும்" என்று சொன்னாலே ஒன்றும் மிச்சமில்லை என்றுதானே பொருள். ஆகவே முற்றுத்தொகுப்பு. எண்ணும்மை வேறு, கையும் தோலும் குழாயும் என்று அடுக்கிக்கொண்டே போவது, அது வெறும் சரிபார்ப்புப் பட்டியல்.
– தி.

———

முற்றுத்தொகுப்பு என்றால் முற்றுப்புள்ளி ஞாபகம் வருகிறது தி. ஐயா, ஐசியுவில் வேண்டாமே. பண்டில் என்று எழுத என்ன தடை? ப, ண், டி, ல், எல்லாம் நம் எழுத்து. "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ", அதாவது வடவெழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்ற தொல்காப்பிய வழியில் ஆங்கிலத்தையும் நடத்தலாம்.
– இ.

———

அந்த நூற்பாவைக் காட்டிக் காட்டித்தான் எல்லாவற்றையும் உள்ளே விட்டோம். இனி என்ன மிச்சம், வினைமுற்று மட்டும் தமிழில் இருக்குமா?
– பு.

———

ஐயா, வென்டிலேட்டரையும் குளோர்ஹெக்சிடினையும் பேசாமல் விட்டுவிட்டீர்கள், பண்டிலில் மட்டும் ஏன் இவ்வளவு கறார்? இரவு ஷிப்டில் படிக்கிற பெண்ணுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். தி. ஐயா சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்த "ஐந்தும்". நாங்கள் உண்மையிலேயே அப்படித்தான் கேட்கிறோம்: "ஐந்தும் ஆச்சா?"
– செ.

———

எல்லோருக்கும் நன்றி, நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டபடி (அல்லது களைத்துப்போய் விட்டுக்கொடுத்தபடி) "தடுப்புத் தொகுப்பு" என்று போடுகிறேன், அத்தியாயத் தொடக்கத்தில் ஒரு முறை "பண்டில்" என்றும் சேர்த்து. சென்ட்ரல் லைன் படிவத்தின் தலைப்பில் செ. சொன்னபடி "ஐந்தும் செய்தாயிற்றா?", மற்றப் படிவங்களில் "எல்லாம் செய்தாயிற்றா?". நான்குக்கு மதிப்பெண் இல்லை என்ற டாக்டரின் கணக்கைப் பெட்டிச்செய்தியாகப் போடுகிறேன்.
– ம.

———

போடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தொகுப்பு என்றால் சிறுகதைத் தொகுப்பு மாதிரி, பிடித்ததைப் படித்துவிட்டு மீதியை மூடி வைக்கலாம். மருத்துவர் ரா. கேட்டது அதில் வரவில்லை. கட்டில் வருகிறது, ஒரு கழியை உருவினால் கட்டே தளரும். புண்ணுக்குப் போடுவதைக் காயக்கட்டு என்று மாற்றிக்கொண்டால் குழப்பமும் தீர்ந்தது. இரண்டாம் பதிப்பில் பேசுவோம்.
– பு.