நிர்வாணா ‘நெவர்மைண்ட்’ சிடி: 12ஆவது பாட்டுக்கு அப்புறம் சத்தமே இல்லை, டிஸ்க் கெட்டுப்போச்சா?

கோட்டைப்பக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில எங்க வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணப்போ மாமாவோட பழைய சிடி பெட்டி கெடைச்சுது. அதுல நிர்வாணாங்கற அமெரிக்க ராக் குழுவோட ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் மட்டும் ரெண்டு இருக்கு. ஏன் ரெண்டுன்னு கேக்க மாமா இப்ப இல்லை. ரெண்டு அட்டையிலயும் தண்ணிக்குள்ள அதே கொழந்தைதான், ரெண்டுலயும் 12 பாட்டுதான். ஆனா ஒண்ணு 42 நிமிஷத்துல முடியுது, இன்னொண்ணு 59 நிமிஷம் காட்டுது. அந்த ரெண்டாவதுல கடைசிப் பாட்டு மட்டும் 20 நிமிஷம். நாலு நிமிஷத்துக்குள்ள பாடி முடிச்சுடறாங்க, அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல. ஒரு கடையில காட்டினா கீறல்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டாங்க.
இவங்க மொத்தம் எத்தனை ஆல்பம் போட்டாங்க? எதுல ஆரம்பிக்கலாம்?

பாலாறு79:
கீறல் இல்லை தம்பி. ஏறக்குறைய பத்து நிமிஷம் வெறும் நிசப்தம், அப்புறம் உறையில பேரே போடாத ஒரு பாட்டு வரும். ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’. ஸ்டுடியோ ஆல்பம் மூணே மூணு: 1989ல ‘ப்ளீச்’, 1991ல ‘நெவர்மைண்ட்’, 1993ல ‘இன் யூட்டெரோ’. நடுவுல 1992ல ‘இன்செஸ்டிசைட்’னு உதிரிப் பாட்டுங்களோட தொகுப்பு ஒண்ணு வந்தது.

குடியாத்தம் மைக்செட்:
தம்பி, அந்தக் கடைசிப் பாட்டைக் கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். வால்யூமைக் குறைச்சு வெச்சுக்கோ. 12ஆவது பாட்டு ‘சம்திங் இன் தி வே’ முணுமுணுப்பா இருக்கும், அது காதுல விழணும்னு நாம ஏத்தி வெச்சிருப்போம். அதே அளவுல அடுத்தது வந்து விழுந்தா உன் ஸ்பீக்கர் கோன் தாங்காது.

நான் இந்தக் குழுவை அறிஞ்சதே ஒரு ஸ்பீக்கர் யூனிட் போனதாலதான். காட்பாடி பக்கம் ஒரு காலேஜ் விழாவுக்கு எங்க முதலாளி என்னை இட்டுனு போனாரு. நாலு பசங்க மேடையேறினாங்க. பாடற பையன் முதல் அடியில மூச்சு விடற மாதிரி பாடினான், நான் மிக்சர்ல ஏத்திக்கினே போனேன். திடீர்னு கத்தினான் பாரு, ஹார்ன் யூனிட்ல டயாப்ரம் அவுட். முதலாளி திட்டினதை விட, ஒரே பாட்டுக்குள்ள இவ்ளோ மெதுவும் இவ்ளோ சத்தமும் எப்படி இருக்கும்ன்றதுதான் எனக்கு மண்டையில ஓடிச்சு. அந்தப் பையன்கிட்ட பேர் கேட்டு சிகரெட் அட்டையில எழுதி வாங்கினேன்.

‘சம்திங் இன் தி வே’யை முதல்ல எல்லாரும் சேர்ந்து வாசிச்சுப் பார்த்தாங்க, எடுபடல. குழுவோட பாடகர் கர்ட் கோபேன் உள்ள கன்ட்ரோல் ரூம் சோபாவுல படுத்துக்கினு, இப்படித்தான் இருக்கணும்னு மெதுவாப் பாடிக் காட்டினார். தயாரிப்பாளர் புட்ச் விக் ஃபேனை நிறுத்தி, ஃபோனைப் புடுங்கி வெச்சுட்டு அங்கேயே மைக்கை வெச்சுப் பதிஞ்சுட்டார். கிடார் சுருதி சரியில்லாதது. பின்னாடி சேர்ந்த பேஸும் செல்லோவும் அதுக்குத்தான் ஒத்துப்போகணும். மைக் பிடிச்சுப் பழகினவனுக்குத் தெரியும், பாடறவன் சௌகரியமா இருக்கற எடத்துக்கு மைக் போகணும், அவன் மைக்கைத் தேடி வரக் கூடாது.

மறைஞ்சிருக்கற பாட்டு அதே ஸ்டுடியோவுல, அதே ஆல்பத்துல இருக்கற ‘லித்தியம்’ பாட்டு சரியா அமையலன்ற கோபத்துல வந்தது. டேப் ஓடிக்கினே இருந்துது. கடைசியில கோபேன் கிடாரையே உடைச்சுட்டார், இடதுகைக்காரருக்கு அங்க வேற கிடார் கிடையாது, அன்னிக்கு வேலை அதோட முடிஞ்சுது. முதல்ல அச்சான டிஸ்க்குங்கள்ல இது விட்டுப்போச்சு, அச்சுக்கு முன்னாடி பண்ற மாஸ்டரிங்ல சேக்காம விட்டுட்டாங்க. கோபேன் கேட்டப்புறம்தான் சேர்த்தாங்க. உங்க மாமாவோட 42 நிமிஷ டிஸ்க்ல அது இல்லாததுக்குக் காரணம் இதுவா இருக்கலாம்.

எதுல ஆரம்பிக்கறதுன்னு கேட்ட. வந்த வரிசையிலயே கேளு. ‘ப்ளீச்’ பதிய ஆன செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தத் துட்டைக் குடுத்தவர் ஜேசன் எவர்மன், குழுவுல கொஞ்ச நாள் இருந்த கிடார்காரர். அந்த ஆல்பத்துல ஒரு நோட்டுகூட அவர் வாசிக்கல, ஆனாலும் நன்றிக்காக அட்டையில கிடார் வாசிச்சவர்னு பேர் போட்டாங்க. நம்ம கோயில்ல உபயதாரர் பேர் எழுதற மாதிரி. எனக்கு அது ரொம்பப் புடிச்ச விஷயம்.

அப்புறம் ‘இன் யூட்டெரோ’. என் மனசுக்கு இதுதான் உச்சம். 1993 பிப்ரவரியில, மினசோட்டாவுல, ரெண்டே வாரத்துல பதிவும் மிக்சிங்கும் முடிஞ்சுது. ஒலிப்பதிவு பண்ணவர் ஸ்டீவ் ஆல்பினி. ஆல்பம் விக்க விக்க வர்ற ராயல்டி எனக்கு வேணாம், பிளம்பருக்குக் குடுக்கற மாதிரி வேலைக்குக் கூலி குடுன்னு எழுதிக் குடுத்துட்டு ஒரு லட்சம் டாலர் வாங்கினார். அதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. நானும் கல்யாணத்துக்குக் கூலி வாங்கறவன்தான், மொய்யில பங்கு கேக்கறவன் இல்ல. ‘வெரி ஏப்’, ‘டூரெட்ஸ்’ ரெண்டுக்கும் டிரம்ஸைக் கொண்டுபோய் சமையல்கட்டுல போட்டுப் பதிஞ்சாங்க, அந்த அறையோட எதிரொலிக்காக. மண்டபத்துச் சமையல்கட்டுல ஒரு அண்டா கீழ விழுந்தா எப்படி அதிரும்? அந்த அதிர்வு அதுல கீது, கேட்டுப் பாரு.

ஆரணிப்பட்டு:
மைக்செட் அண்ணா சொன்ன வரிசை சரிதான். ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு நான் ‘எம்டிவி அன்ப்ளக்டு’தான் கொடுப்பேன், மின்கருவிகளைத் தவிர்த்து வாசிக்கும் டிவி நிகழ்ச்சியின் பதிவு. நியூயார்க்கில் 1993 நவம்பர் 18 அன்று ஒரே மூச்சில் பதிந்தது. 14 பாட்டில் ஆறு மற்றவர்களுடையவை. கோபேன் தன் பெரிய வெற்றிப் பாட்டையே பாடாமல், தனக்குப் பிடித்தவர்களின் பாட்டைப் பாடினார். மேடையில் லில்லிப் பூவும் மெழுகுவத்தியும் வைக்கச் சொன்னதும் அவரே. அவர் இறந்தது 1994 ஏப்ரலில், இது வெளிவந்தது நவம்பரில். என் அப்பா இறந்த வருஷம் முழுக்க ராத்திரி தறி நின்ற பிறகு இதைத்தான் கேட்டேன். கடைசிப் பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் அவர் ஒரு மூச்சு இழுப்பார். அதற்காகவே கேட்கலாம்.

குடியாத்தம் மைக்செட்:
அக்கா, அந்த மூச்சை நான் மறுக்க மாட்டேன். கூடவே இதையும் தெரிஞ்சுக்கோங்க, அன்னிக்கு அவர் கிடார் முழுசா அன்ப்ளக்டு இல்ல. கிடார் சத்தத்தைக் கூட்டற ஆம்ப் வேணும்னு விடாப்பிடியா நின்னார். ஆம்ப் கண்ணுல படாம இருக்க முன்னாடி ஒரு டம்மிப் பெட்டி செஞ்சு, மானிட்டர் மாதிரி வெச்சு மறைச்சாங்க. டேவிட் போவின்ற பாடகரோட பாட்டை அவர் பாடறப்போ அந்தக் கிடார் லேசா கரகரக்கறது அதனாலதான்.

கோட்டைப்பக்கம்:
நேத்து ராத்திரி முழுசாக் கேட்டேன் அண்ணா, வால்யூமைக் குறைச்சு வெச்சுட்டுத்தான். அந்தப் பத்து நிமிஷமும் ஹைவேயில லாரி போற சத்தம் மட்டும். கையை ஸ்டாப் பட்டன் மேல வைக்காம உக்காந்திருந்தேன். அது வந்தப்போ அம்மா எழுந்து வந்துட்டாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். “உங்க மாமா ரூம்ல நடுராத்திரி இப்படித்தான் கேக்கும்”னு சொல்லி, முடியற வரைக்கும் கதவுகிட்டயே நின்னாங்க.

59 நிமிஷ டிஸ்க்கோட உறையை இப்பத்தான் சரியாப் பார்த்தேன். பாட்டு வரிசைக்குக் கீழ பென்சில்ல ‘13’னு மாமா எழுதி வெச்சிருக்கார். பெட்டியில ‘இன் யூட்டெரோ’ இல்லை. யாருகிட்டயாவது இருந்தா சொல்லுங்க, வந்து வாங்கிக்கறேன்.