ஒரு நாளைக்கு ஒரு புது விசயம், வருசம் முழுக்கக் கொண்டுபோகேலுமோ?

கொக்குவில் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். தைப்பொங்கலோட துவங்கினது, ஒவ்வொரு நாளும் புதுசா ஒண்டு படிச்சு ராவில கொப்பியில ரெண்டு வரி எழுதிப்போட்டுத்தான் படுக்கிறது எண்டு. முதல் நல்லாத்தான் போச்சுது. இப்ப என்னெண்டா வேலையால வந்து களைச்சுப்போய்க் கிடக்க பத்தரை மணிக்கு ஐயோ இண்டைக்கு ஒண்டும் படிக்கேல்லையே எண்டு ஃபோனை எடுத்து அகப்படுறதைப் பாக்கிறது. ஒக்ரோபஸ்சுக்கு மூண்டு இதயம், வெள்ளிக் கிரகம் தன்னைத்தானே ஒருக்காச் சுத்துறதுக்குள்ள சூரியனை ஒருக்காச் சுத்தி முடிச்சிடும், இப்பிடி. அடுத்த கிழமை கொப்பியைத் திறந்தா உதை நானோ எழுதினனான் எண்டு கிடக்கு. இடைக்கிடை விடுபட்டும் போச்சு. விடுபட்டா முதலில இருந்து துவங்கவேணுமோ? ஆரும் உப்பிடிச் செய்து பாத்தனீங்களோ?

புத்தூரக்கா:
ஒக்ரோபஸ்சுக்கும் வெள்ளிக்கும் என்ன சம்பந்தம் தம்பி? ஒண்டுக்கொண்டு தொடுப்பில்லாட்டி எப்பிடி மனசில நிக்கும். நான் நேற்றுப் படிச்சதுக்குள்ள இருந்துதான் இண்டையான் கேள்வியை எடுக்கிறது. எங்கட வீட்டுக்குக் கிட்டத்தான் நிலாவரைக் கிணறு, ராமர் அம்பு விட்டு வந்த தண்ணி, அடியில்லாத கிணறு எண்டு சின்னனில இருந்து கேட்ட கதை. மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்புத் தண்ணி, ஏன் கலக்கேல்லை எண்டு ஒரு நாள் தேடினன். நல்ல தண்ணி பாரம் குறைவு, அது உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. அப்ப உப்பு எங்கால வருது எண்டது மற்ற நாள் கேள்வி. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில சுண்ணாம்புக்கல், அதுக்குள்ளால கடல்தண்ணி வந்து நிக்குது, மேலால மழைத்தண்ணி இறங்குது. பேந்து, உவ்வளவு பெரிய குழி எப்பிடி வந்தது? மழைத்தண்ணி கல்லைக் கரைச்சுக் கரைச்சு அடி கோறையாகி மேல் இடிஞ்சு விழுந்தது. அப்பிடியே மோட்டர் போட்டுக் கண்டபடி இறைச்சாக் கிணறு ஏன் சவராகுது, ஆறே இல்லை எண்டு சொல்லுற ஊரில வழுக்கியாறு மாரிக்கு மட்டும் எப்பிடி தெல்லிப்பளைப் பக்கமிருந்து அராலிக் கடலுக்கு ஓடுது எண்டு போனா ஒரு மாசத்துக்குக் காணும். எனக்குக் கொப்பியே தேவைப்படேல்லை.

ரியூசன் மாஸ்ரர்:
அக்கா சொல்லுறது சரி, எண்டாலும் திருப்பிப் பாக்காட்டி கனக்க நிக்காது. எபிங்ஹவுஸ் எண்ட ஜேர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி எவ்வளவு மறக்குது எண்டு அளந்து 1885 இல புத்தகமாப் போட்டவர். பெரும்பங்கு முதல் நாளுக்குள்ளேயே போயிடும், மிச்சம் மெல்ல மெல்லத்தான் கழருது. அதால எழுதினதை மற்ற நாள் ஒருக்கா, பிறகு ஒரு கிழமையால, பிறகு ஒரு மாசத்தால பாருங்கோ. பாக்கிறது எண்டா வாசிக்கிறதில்லை, மூடி வைச்சிட்டுச் சொல்லிப் பாக்கிறது. ஏ.எல் பிள்ளையளுக்கும் இதைத்தான் சொல்லுறனான், கேக்கினமோ!

விடுபட்ட நாளுக்குக் கவலைப்படாதேங்கோ. லண்டனில 96 பேரை வைச்சு ஒரு ஆய்வு செய்தவை, புதுப் பழக்கம் ஒண்டு தன்பாட்டில வரச் சராசரி 66 நாள் எடுத்தது, ஆளுக்காள் 18 இல இருந்து 254 வரைக்கும் கணக்கு வந்தது. ஒரு நாள் தவறினதால பெரிய பாதிப்பில்லை எண்டும் கண்டவை. விட்ட இடத்தில இருந்து பிடியுங்கோ.

சுன்னாகத்தான்:
எனக்கெண்டா உது விசர் வேலை. 365 துண்டை வைச்சு என்ன செய்யப்போறியள், கலியாண வீட்டில கதைக்கவோ? கையால செய்யிறது ஒண்டைப் பிடியுங்கோ. பனங்கிழங்கைப் பச்சையாக் காயவிட்டா ஒடியல், அவிச்சுக் காயவிட்டாப் புழுக்கொடியல், இதை ரெண்டு வரியில எழுதிப்போட்டுப் படுக்கலாம். ஆனா ஒடியல்மாவை எத்தினை தண்ணி மாத்தி ஊறவிட்டாக் கைப்புப் போகும், கொதிக்கிற கூழுக்குள்ள எந்தப் பதத்தில கரைச்சு விடவேணும், எப்ப பழப்புளி விடுறது, இது பானைக்குப் பக்கத்தில நிண்டு பாத்தாத்தான் வரும். அதுவும் ஒரு நாளில வராது.

கொக்குவில் பெடியன்:
சுன்னாகத்தான் அண்ணை, கூழ் குடிக்க மட்டும்தான் எனக்குத் தெரியும், நீங்கள் காய்ச்சினாச் சொல்லுங்கோ வாறன் 😄 மாஸ்ரர், நன்றி, விடுபட்டதுதான் மனசுக்குள்ள குடைஞ்சுகொண்டு இருந்தது. அக்கா, எங்கட கிணறும் வரவர சவராத்தான் போகுது, அதில இருந்தே துவங்குவம் எண்டு பாக்கிறன். நீங்கள் உதுகளை எங்க தேடுறனீங்கள்? யூரியூப்பில எல்லாம் ஒரே அடியில்லாத கிணறுக் கதைதான்.

புத்தூரக்கா:
நூலகம் இணையத்தளத்தில பாருங்கோ, 2005 இல துவங்கினது, எங்கட ஆக்கள் எழுதின புத்தகம், சஞ்சிகை, பழைய பேப்பர் எல்லாம் காசில்லாமல் வாசிக்கலாம். அதுக்கு முதல் உங்கட பக்கத்தில வெங்காயம் செய்யிற ஆரையும் பிடிச்சுக் கேளுங்கோ, எந்த மாசம் சவர் ஏறுது, எந்தக் கிணறு மட்டும் இன்னும் நல்லாக் கிடக்கு எண்டு. அவை சொல்லுறதுக்குள்ளேயே அடுத்த கிழமைக்கும் கேள்வி கிடக்கும்.