லாரன் ஜாக்சன் என்றால் அந்த முடி மட்டும்தானா?

கூடைராஜா:
ஆஸ்திரேலியக் கூடைப்பந்து வீராங்கனை லாரன் ஜாக்சனைப் பற்றி, "லாரன் ஜாக்சனா? அமெரிக்க வீராங்கனை லீசா லெஸ்லியின் முடியைப் பிடுங்கியவர்தானே" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவில் 2003, 2007, 2010 என்று மூன்று முறை எம்விபி, அதாவது ஆண்டின் மிகச் சிறந்த வீராங்கனை. அங்கே அவர் ஆடிய சியாட்டில் ஸ்டார்ம் அணிக்கு இரண்டு பட்டம். இதெல்லாம் கண்ணில் படவில்லை, 2000 சிட்னி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கையோடு வந்த ஒட்டுமுடி மட்டும் பட்டுவிட்டது! கை சிக்கியது, வந்துவிட்டது. அவ்வளவுதான்.

பந்துமணி:
எழுதியது நான்தான். சும்மா சிக்கினால் முடி கையோடு வருமா? இழுத்தால்தான் வரும்.

கூடைராஜா:
ஒருநாளாவது கூடைக்கு அடியில் நின்று ஆடியிருக்கிறீர்களா? கல்லூரியில் ஆடும்போது முழங்கை பட்டு என் உதடு கிழிந்து மூன்று தையல், இடித்தவன் என் உயிர் நண்பன். அங்கே கை எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. சிக்கியது.

சேலம்செல்வி:
முடியை விடுங்கள். ஐந்து ஒலிம்பிக், மூன்று வெள்ளி, இரண்டு வெண்கலம். தங்கம் எங்கே?

கூடைராஜா:
2006 உலகச் சாம்பியன்ஷிப் தங்கம் என்ன பித்தளையா?

பந்துமணி:
அந்த இறுதிப் போட்டியில் எதிரே நின்றது ரஷ்யா, அமெரிக்கா இல்லை. அப்புறம், இழுத்ததை நீங்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கூடைராஜா:
அந்த அமெரிக்காவை அரையிறுதியில் வீழ்த்தியதே ரஷ்யாதான் ஐயா! முழங்கால் போய் 2016இல் ஓய்வு பெற்றவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, 41 வயதில் அதே சிட்னிக்குத் திரும்பி வந்து உலகக் கோப்பை வெண்கலப் போட்டியில் கனடாவுக்கு எதிராக 30 புள்ளி எடுத்தார். அன்று நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. பிறந்த ஊர் ஆல்பரி, அப்பா அம்மா இருவருமே ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு முடியைப் பிடுங்கித்தான் பெயர் வாங்க வேண்டுமா?

சேலம்செல்வி:
பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 43 வயதில் போய் பெரும்பாலும் பெஞ்சில்தானே இருந்தார்? ஒரு இளம்பெண்ணின் இடம் போச்சு.

கூடைராஜா:
போன மாதம் செரீனாவையும் இப்படித்தான் பேசினீர்கள். வயதான பெண் ஆடினாலே உங்களுக்கு ஆகாது.

சேலம்செல்வி:
அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

பந்துமணி:
இழுக்கவில்லை மேடம், சிக்கிக்கொண்டது.

கூடைராஜா:
சிரியுங்கள். அந்த வீடியோவை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

பந்துமணி:
பத்து முறை பார்த்தாயிற்று. இழுத்தார்.