‘கன்சீல்டு கேரி பெர்மிட்’ – தமிழ்ச் சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

சட்டக் கல்லூரியின் தமிழ்வழி மாணவர்களுக்காக, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022இல் வழங்கிய ப்ரூன் தீர்ப்பைச் சுருக்கி எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கைத்துப்பாக்கியை மறைத்து வெளியே கொண்டு செல்ல அங்கு தரப்படும் ‘கன்சீல்டு கேரி பெர்மிட்’ என்பதற்கு, நாளிதழ்களில் வரும் ‘துப்பாக்கி உரிமம்’ என்பதையே எழுதிவிடலாமா?

*

ஐயா, அது பொருந்தாது. நம் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் துப்பாக்கியை வைத்திருப்பதற்கும் உடன் கொண்டு செல்வதற்கும் உரிமம் கேட்பதால், ‘துப்பாக்கி உரிமம்’ என்றதும் நம் மாணவர் இரண்டையும் சேர்த்தே எண்ணுவார். ப்ரூன் வழக்கோ வைத்திருப்பதைப் பற்றியதன்று. வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமை அதே நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு ஹெல்லர் தீர்ப்பிலேயே நிலைநாட்டப்பட்டுவிட்டது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை மறைத்து வெளியே கொண்டு செல்ல விரும்புவோர், மற்றவர்க்கு இல்லாத தனித்தேவை தமக்கு உண்டு என்று காட்ட வேண்டும் என்ற நியூயார்க் விதியைத்தான் நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் நீக்கியது. ஆகவே ‘செல்லல்’ விடுபட்டால் வழக்கே விடுபட்டுவிடும்.

இக்கேள்விக்கு மற்றவர்களிடமிருந்து இதுவரை வந்த முன்மொழிவுகளில் ‘மறைபடை உரிமம்’ வினைத்தொகையாக அழகாகவே இருக்கிறது. ஆனால் படை என்பது ஆயுதத்தையும் சேனையையும் குறிப்பதால், பதுங்கியிருக்கும் சேனைக்கு அரசு உரிமம் கொடுத்ததாகத் தோன்றும். ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்’ என்ற குறளைக் காட்டி ஓர் அம்மையார் தந்த ‘ஒடுங்குபடை’க்கும் இதே சிக்கல்தான், மேலும் அக்குறள் பேசுவது கூடாநட்பை. மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல ஓலைக்கட்டுக்குள் கத்தி கொண்டுவந்த முத்தநாதனின் நிழல், அரசிடம் விண்ணப்பித்து விரல்ரேகை கொடுத்து உரிமம் பெற்றவர்மீது விழலாகாது. ‘கரந்தசெலவு உரிமம்’ (கரந்த – மறைந்த) என்றவர் செலவு என்பதற்குப் பயணம் என்ற சங்கப் பொருளை நினைத்திருக்கிறார். இன்று படிப்பவருக்கு வருமான வரித் துறைதான் நினைவுக்கு வரும். ‘மறைத்தேந்தல்’ தன்னைத்தானே மறுக்கிறது: ஏந்தியது எப்படி மறையும்?

உரிமம் வழங்கும் முறைகளுக்கும் சொல் தேவைப்படும். தகுதியுடையவருக்குக் கொடுத்தே ஆக வேண்டிய முறையைக் ‘கட்டாய உரிமம்’ என்றால், அது காப்புரிமைச் சட்டத்தில் ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குகிறது. அதைக் ‘கடப்பாட்டு வழங்கல்’ என்றும், கொடுப்பதை அதிகாரியின் முடிவுக்கு விடும் முறையை ‘விருப்புரிமை வழங்கல்’ என்றும் பிரிக்கலாம். ஃபுளோரிடாவின் 2005ஆம் ஆண்டுத் தற்காப்புச் சட்டத்துக்கு ஒருவர் சொன்ன ‘புறங்கொடாமை’யைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தாக்கப்படுபவர் சட்டப்படி தாம் இருக்கக்கூடிய இடத்திலிருந்து பின்வாங்கும் கடமை இல்லை என்பதே அதன் சாரம். அதற்குப் புறநானூற்று வீரத்தைச் சூட்டுவது மொழிபெயர்ப்பாளர் பக்கம் சாய்ந்து நிற்பதாகும். ‘பின்வாங்காத் தற்காப்பு’ போதும்.

தலைச்சொல்லுக்கு என் பரிந்துரை, ‘மறைத்துக் கொண்டுசெல்லும் உரிமம்’.

*

எதை மறைத்து? இத்தொடரைத் தனியே படித்தால், ஒருவர் உரிமத்தைத்தான் மறைத்துக்கொண்டு செல்கிறார். ஓர் இடைவெளி மாறினால் பொருளும் மாறும் தொடரைக் கலைச்சொல் என்று எப்படி ஏற்பது? வினைத்தொகையைக் ‘காலங்கரந்த பெயரெச்சம்’ என்று பள்ளியிலேயே படித்த மாணவருக்குக் ‘கரந்த’ என்பது கடினமன்று. ‘கரந்தாயுத உரிமம்’ என்பதே என் வாக்கு. ‘செல்லல்’ இதில் இல்லைதான். ஆனால் வீட்டுக்குள் யாருக்காக மறைப்பார்?

*

அதே வீட்டில் குழந்தைகளுக்காக மறைப்பார், ஐயா. நியூயார்க்கில் வீட்டில் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும் என்பதால் உங்கள் சொல் அங்கே இரண்டையும் குழப்பும்.

*

அனைவருக்கும் நன்றி. முதல் இடத்தில் ‘ஆயுதத்தை மறைத்துக் கொண்டுசெல்வதற்கான உரிமம்’ என்று விரித்தும், பின்னர் ‘மறைவாயுத உரிமம்’ என்று சுருக்கியும் எழுதிவிட்டேன். டெக்சஸ் 2021 முதல் உரிமமின்றியே அனுமதிப்பதையும் அந்த நீள்வடிவத்திலேயே சொல்லிவிட முடிந்தது.

*

‘மறைவாயுதம்’ பதுக்கிவைத்த ஆயுதத்தையும் குறிக்கும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.