ரெண்டு பேண்ட், ஒரே மேடை, 40 நிமிஷ உருப்படி: ஹட்டனில் வீடியோ எடுக்க யோசனை தேவை

கொட்டகலை_பேஸ்

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து மண்டபம் ஒன்றில் ரெண்டு குழு சேர்ந்து ஒரே உருப்படியை 40 நிமிஷம் நிறுத்தாமல் வாசிக்கிறோம். எங்கள் குழு டூம் (மெதுவான, கனத்த மெட்டல்): கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், ஒரு பாட்டு. மற்றது நொய்ஸ் (இரைச்சலையே இசையாக்கும் வகை) பக்கம் சாய்ந்தது: ரெண்டு கிட்டார், ஒரு சின்த் (சின்தசைசர்), ரெண்டு தப்பு (பறை). கிட்டார் எல்லாம் 'ஏ'க்கு இறக்கியவை, ஆகக் கீழ்க்கம்பி 55 ஹேர்ட்ஸ். மண்டபம் 60க்கு 30 அடி, தகரக் கூரை, சீலிங் கிடையாது. 150 பேர் வருவார்கள்.

கையில் இருப்பது 16 சனல் அனலொக் மிக்ஸர் (யூ.எஸ்.பி.யில் ஸ்டீரியோ மட்டும் வரும்), ஒரு கையடக்க ரெக்கோடர், ஒரு கமரா, ரெண்டு போன். ஒத்திகையை எடுத்துப் பார்த்ததில் மூன்று கோளாறு. போன் சத்தத்தில் கீழ்ச்சுரம் வரும் இடமெல்லாம் மற்றதெல்லாம் அமுங்கி அமுங்கி எழும்புகிறது. படத்தில் கறுப்புப் பட்டை ஓடுகிறது. மிக்ஸரில் எடுத்ததில் பாட்டும் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) மட்டும் முன்னால் நிற்க, கிட்டார் பக்கத்து ஊரில் வாசிப்பது போல் இருக்கிறது. ஒரு சாமானுக்குத்தான் வாடகைக் காசு இருக்கிறது. எதை எடுப்பது?

ஒலிமேசை

தம்பி, கமராவுக்குக் காசு போடாதீங்க. 8 இன்புட் ஓடியோ இன்டர்ஃபேஸ் (8 சத்தத்தையும் தனித்தனியாக லப்டொப்புக்கு அனுப்பும் பெட்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து லப்டொப்பில் போடுங்க. இந்த வகை இசையில் படம் சுமாராக இருந்தாலும் ஆள் உட்கார்ந்து பார்ப்பான். சத்தம் கிழிந்தால் 30 செக்கனில் போய்விடுவான்.

மிக்ஸரில் கிட்டார் வராததற்குக் காரணம் எளிது. சின்ன மண்டபத்தில் எம்ப்பின் (கிட்டாரின் சொந்த ஒலிபெருக்கிப் பெட்டி) சத்தமே சபைக்குப் போதும், அதனால் ஸ்பீக்கருக்கு யாரும் கிட்டாரை அனுப்புவதில்லை. ஸ்பீக்கருக்குப் போகாதது ஸ்டீரியோ பதிவிலும் இருக்காது. அதற்கு வழி சனலின் இன்சர்ட் துளை (சிக்னலை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடும் இடம்). பெரும்பாலான அனலொக் மிக்ஸரில் அது ஃபேடருக்கு (சனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுபிடி) முன்னாலேயே சிக்னலை எடுத்துக் கொடுத்துவிடும். கிட்டாருக்கு மைக் வைத்து, ஃபேடரை அடியில் விட்டாலும் பதிவாகும். கெய்ன் குமிழ் (உள்ளே வரும் சிக்னலைக் கூட்டிக் குறைப்பது) மட்டும் அந்தப் பதிவை மாற்றும், ஆகவே சவுண்ட் செக் முடிந்ததும் கெய்னில் கை வைக்கக் கூடாது என்று மேசையில் நிற்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்க.

மோனோ பிளக்கை முதல் 'கிளிக்' வரைக்கும் மட்டும் செருகும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேலை செய்யும், ஆனால் பேஸ் அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும், இல்லை யாராவது உள்ளே தள்ளினால் அந்தச் சனலே ஊமையாகிவிடும். அதற்குப் பதில் ஸ்டீரியோ பிளக் 8 வாங்கி, நுனியையும் நடு வளையத்தையும் ஒரு சின்னக் கம்பித் துண்டால் சேர்த்து ஈயம் வைத்து, அங்கே சிக்னல் வரும் நடு வயரையும் அடிப்பகுதியில் ஷீல்டையும் (வயரைச் சுற்றிய பின்னல்) பற்ற வையுங்க. போன சிக்னல் அப்படியே திரும்பி வரும், ஸ்பீக்கரும் கேட்கும், பதிவும் போகும். மறுமுனை சாதாரண மோனோ பிளக், இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு.

எட்டை இப்படிப் பங்கிடுங்க: கிக், ட்ரம்ஸுக்கு மேலே ஒன்று, தப்புக்கு ஒன்று, பேஸ் டி.ஐ. பெட்டி (வாத்தியத்தை நேரே மிக்ஸரில் கோர்க்கும் பெட்டி) வழியாக, கிட்டார் மூன்று, பாட்டு. சின்த்துக்கு எம்ப் இல்லையென்றால் அது எப்படியும் ஸ்பீக்கரில்தான் வரும், அறை மைக்கிலேயே கிடைத்துவிடும். கிட்டார் மைக்கைக் கோனின் நட்ட நடுவில் வைக்காமல், நடுக்கும் விளிம்புக்கும் பாதி வழியில், துணியிலிருந்து 2, 3 சென்ரிமீற்றரில் வையுங்க. நடுவில் வைத்தால் ஃபஸ் பெடல் (கிட்டாரைக் கரகரக்க வைப்பது) குளவி மாதிரி குத்தும்.

கையடக்க ரெக்கோடர் அறைச் சத்தத்துக்கு. தானியங்கி லெவலை நிறுத்துங்க. போனில் சத்தம் அமுங்கி எழும்பியதும் அந்த மாதிரி வசதியால்தான். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், ஆக உரத்த இடம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். 32 பிட் ஃப்ளோட் (லெவல் எகிறினாலும் கோப்பில் கிழியாத பதிவு முறை) இருந்தால் கவலையே இல்லை என்பது அரைகுறைப் பேச்சு. இப்படிப்பட்ட ரெக்கோடரின் சொந்த மைக் 120 டெசிபல் பக்கத்தில் தானே கிழிந்துவிடும். கிழிந்த சத்தத்தை எத்தனை பிட்டில் எழுதினாலும் கிழிசல்தான். எம்ப்புக்கு நேரே, கிட்டத்தில் வைக்காதீங்க.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். 30 அடி அகலம் என்றால் 9.1 மீற்றர். ஹட்டன் குளிரில் ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் போகும். அந்த அகலத்தில் மூன்றாவது நிலையலை (சுவர்களுக்கு இடையில் மோதி ஒரே இடத்தில் நிற்கும் ஒலி அலை) சுமார் 56 ஹேர்ட்ஸ், உங்கள் கீழ் 'ஏ' பக்கத்திலேயே விழுகிறது. மண்டபத்தின் நடுக்கோட்டில் அந்த அலைக்கு அழுத்தமே இல்லை. எல்லாரும் வழக்கமாக மைக் வைப்பது அங்கேதான்! பக்கச் சுவரிலிருந்து 10 அடியில் வையுங்க, அங்கே உச்சம். சந்தேகமென்றால் ஸ்பீக்கரில் 55 ஹேர்ட்ஸ் ஓடவிட்டு குறுக்கே நடந்து பாருங்க, காதுக்கே தெரியும்.

அதே சோதனையில் 30 முதல் 120 ஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டு போங்க. தகரம், லூவர் கண்ணாடி, கதவுத் தாழ்ப்பாள் எது எந்த ஸ்வரத்தில் கிடுகிடுக்கிறது என்று குறித்துக்கொண்டு, கண்ணாடிக்கு டேப், தாழ்ப்பாளுக்குத் துணி. கூரைத் தகரத்தில் ஆணி தளர்ந்திருந்தால் அதைப் பகலில் இறுக்குங்க.

மூன்றாம்கமரா

ஒலிமேசை அண்ணன் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு படத்துக்கு வருகிறேன்.

கறுப்புப் பட்டை: நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 தடவை மின்னும். போன் தானாக 30 ஃபிரேமில் 1/60 மாதிரி ஒரு ஷட்டரைப் பிடித்தால் இது ஒத்துவராது, பட்டை ஓடும். மூன்றிலும் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்), வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் எல்லாம் கையால் பூட்டுங்க. கமராவின் மெனுவில் என்.டி.எஸ்.சி. (NTSC) என்று இருந்தால் பால் (PAL) என்று மாற்றினால்தான் 25 தெரியும். போனுக்கு பிளக்மேஜிக் கமரா செயலி போதும். மலிவான எல்.இ.டி. பார் விளக்குகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது வேறொரு வேகத்தில் மின்னும், அந்தப் பட்டை இதற்கு அடங்காது. விளக்கின் எண்ணிக்கையைக் குறைத்து, எரிவதை முழு வெளிச்சத்தில் எரியவிடுங்க. முழுச் சிவப்பு வேண்டாம். கண்ணுக்கு அழகு, கமராவில் முகம் வெறும் சிவப்புக் கட்டியாகிவிடும். கொஞ்சம் அம்பர் கலந்தால் தோல் தெரியும்.

சில கமரா 29 நிமிஷம் 59 செக்கனில் தானாக நின்றுவிடும். உங்களுடைய உருப்படி 40. உங்கள் கமரா அந்த ரகமா என்று வீட்டிலேயே ஓடவிட்டுப் பாருங்க. அப்படியென்றால் 18ஆவது நிமிஷ அளவில், போன் ரெண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது, நிறுத்தித் திரும்ப ஆரம்பியுங்க. செக்கனுக்கு 100 மெகாபிட்டில் 40 நிமிஷம் 30 கிகாபைட் ஆகும். போனில் அவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும், விமானப் பயன்முறையும் போட்டிருக்க வேண்டும்.

ட்ரைபொட்டை மரமேடையிலோ பெஞ்சிலோ வைக்காதீங்க, பேஸ் வந்ததும் படம் ஜெலி மாதிரி ஆடும். சிமெந்துத் தரை, ஒவ்வொரு காலுக்கும் அடியில் நாலாக மடித்த சாக்கு, நடுவில் ஒரு பாரம் தொங்கட்டும். ட்ரைபொட்டில் நிற்கும்போது ஸ்டெபிலைசரை நிறுத்துங்க, அந்த அதிர்வைக் கை நடுக்கம் என்று நினைத்து அது வேறு ஆட்டும். வெளிப் பனியிலிருந்து 150 பேர் மூச்சு விடும் மண்டபத்துக்குள் கமராவைக் கொண்டுவந்ததும் பையைத் திறந்தால் லென்ஸ் பூத்துவிடும். மூடிய பையோடு முக்கால் மணித்தியாலம் உள்ளே கிடக்கட்டும்.

கமரா பின்னால், தலைகளுக்கு மேல், முழு மேடை. ஒரு போன் ட்ரம்ஸும் தப்பும் ஒன்றாகத் தெரியும் கோணத்தில். மற்றது பெடல்கள், கைகள். அமெரிக்க ரொக் குழு மெல்வின்ஸ் ரெண்டு ட்ரம்மரோடு வாசித்த காலத்தில் ரெண்டு ட்ரம் கிட்டையும் ஒட்டிப்போட்டு, கண்ணாடிப் பிம்பம் போல அமைத்தார்கள், ஒருவர் இடக்கை என்பதால் அது கச்சிதமாகப் பொருந்தியது. உங்களுக்கும் ட்ரம்ஸையும் தப்பையும் மேடையின் ரெண்டு ஓரத்தில் பிரிக்காமல் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வாசிப்பவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்கலாம், ஒரே ஃபிரேமிலும் அடங்கும்.

கொட்டகலை_பேஸ்

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே. இன்னும் ரெண்டு சந்தேகம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது, அதில் ஓட்டினால் ஏதும் பிரச்சினை வருமா? தப்புக்கு மைக் எப்படி வைப்பது? பாதியில் அதன் சத்தமே மாறிவிடுகிறது.

தோல்வாத்தியம்

தப்பு மாறுவது மைக்கின் குற்றமில்லை, தோல் ஈரத்தை இழுத்துத் தளர்கிறது. பனி இறங்கிய இரவில் காய்ச்சிய தப்பு 40 நிமிஷம் நிற்காது. ஒவ்வொருவருக்கும் ரெண்டு தப்பு வையுங்க. மண்டபத்துக்கு வெளியே, சுவரிலிருந்து தள்ளி, நெருப்புக்கு ஓர் ஆள். 20ஆவது நிமிஷத்தில் சின்த் தனியாக நிற்கும் இடம் ஒன்றை உருப்படியிலேயே ஒதுக்கி, அங்கே மாற்றிக்கொள்ளட்டும். காய்ந்தது போதுமா என்று விரலால் தட்டிப் பாருங்க: 'தொம்' என்றால் இன்னும் வேண்டும், 'டண்' என்று தெறித்தால் எடுத்துவிடுங்க, அதற்கு மேல் போனால் தோல் வெடிக்கும். பிளாஸ்டிக் தோல் போட்ட தப்பு மாறாதுதான், ஆனால் ஃபஸ் கிட்டாரோடு மோத அதற்கு வயிறு இல்லை.

மைக் ஒன்றுதான் என்றால் ரெண்டு பேருக்கும் நடுவில், நெஞ்சுயரத்தில், தோலிலிருந்து ஒன்றரை அடியில். கிட்டே வைத்தால் சிம்புக்குச்சியின் (மெல்லிய நீளக் குச்சி) சடசடப்பு மட்டும் கிடைக்கும், அடிக்குச்சியின் (தடித்த குட்டைக் குச்சி) கனம் வராது. ஆடிக்கொண்டே அடிப்பவர்கள் என்றால் தரையில் சோக்கால் ஒரு கோடு.

ஒலிமேசை

ஜெனரேட்டரில் பாரம் ஏறி இறங்க அதன் 50 ஹேர்ட்ஸும் நகரும், பட்டை திரும்ப எட்டிப்பார்க்கும். பெரிய விளக்குகளைக் குறைத்தால் ஓரளவு அடங்கும். கமரா, போன், ரெக்கோடர், லப்டொப் நாலும் பெட்டரியிலேயே ஓடட்டும், மாறும் அந்தச் சில செக்கனில் அவை நிற்காது. வாத்தியம், மிக்ஸர், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம், விளக்குக்கு வேறு லைன். பழைய மண்டபத்தின் 5 அம்பியர் வட்டப் பிளக்கில் 1150 வொட்தான், அதில் ரெண்டு பேண்டைத் தொங்கவிடாதீங்க. இரைச்சல் வந்தால் டி.ஐ. பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்க. எர்த் பின்னை வெட்டுவது ஒருக்காலும் கூடாது, ஈரத் தரையில் பாடுபவரின் உதடு மைக்கைத் தொட்டால் உயிர் போகும்.

கிட்டார் ஸ்ருதியைப் பின்னறைக் குளிரில் பார்க்காமல், விளக்கு எரிந்து 20 நிமிஷம் கழித்து மேடையில் பாருங்க, சூட்டில் கம்பி இறங்கும். ஒரே 'ஏ'யில் ஒருவர் 55, மற்றவர் 55.5 என்றால் ரெண்டு செக்கனுக்கு ஒரு தடவை சத்தம் ஊதி வற்றும். அது வேண்டுமென்றே செய்வதானால் நல்லது, தெரியாமல் நடந்தால் 40 நிமிஷமும் சேறு.

மூன்றாம்கமரா

பிறகு கோர்க்கும் வேலைக்கு: வாசிக்கத் தொடங்கும் முன் மேடை நடுவில் ஒரு கைதட்டு, முடிந்ததும் இன்னொன்று, மூன்று கமராவும் லப்டொப்பும் ஓடும்போதே. ரெண்டாவது தட்டை மறப்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் ஒரு துளி வேறு வேகம், 40 நிமிஷ முடிவில் மூன்று ஃபிரேம் வரை விலகலாம், ட்ரம்மரின் கை முந்திவிடும். போன் கோப்புகள் ஃபிரேம் வேகம் மாறி மாறி எழுதப்பட்டவை, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான 25க்கு மாற்றிய பிறகே எடிட்டுக்குள் போடுங்க. பின் கமரா மேடையிலிருந்து 50 அடியில் இருந்தால் அதன் சத்தம் ஒரு ஃபிரேமுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிந்தி வரும், சத்தத்தை வைத்து ஒட்டும்போது அதைக் கழியுங்க.

தாளத்துக்குத் தாளம் வெட்டாதீங்க. நெதர்லாந்தின் 2018 ரோட்பர்ன் இசை விழாவுக்காக ஒரான்சி பசுசு, டார்க் புத்தா ரைசிங் என்ற ரெண்டு பின்லாந்துக் குழுக்கள் ஒரே குழுவாகச் சேர்ந்தது மாதிரியான மேடைகளில், யார் எந்தச் சத்தத்தை எழுப்புகிறார் என்பதைத் தேடுவதுதான் பார்ப்பவருக்குச் சுவை. ஒரு ஷொட் ஒரு நிமிஷம் நின்றால் தப்பில்லை.

போன் ஸ்பீக்கரில் 55 ஹேர்ட்ஸ் கேட்கவே கேட்காது. பேஸ் சனலை இன்னொரு பிரதி எடுத்து, அதில் சற்று டிஸ்டோர்ஷன் (கரகரப்பு) போட்டு, 110 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அடியில் கலந்துவிடுங்க, அப்போது காது கீழ்ச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்ளும். யூடியூப் எப்படியும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் உரப்பின் அலகு) அளவுக்கு இறக்கும், அதனால் அமைதியான தொடக்கத்தை நசுக்கி உரத்ததாக்குவதில் லாபமில்லை. புகையும் இருட்டும் உள்ள படம் 1080இல் ஏற்றினால் கட்டம் கட்டமாகச் சிதறும், 2160க்கு (4கே) பெரிதாக்கி ஏற்றுங்க.

ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை, தகரத்தில் கொட்டினால் அந்த மெல்லிய தொடக்கம் போச்சு. ஜனவரி, பெப்ரவரியில் மண்டபம் கிடைக்குமா என்று கேளுங்க.

கொட்டகலை_பேஸ்

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலியாம், சொல்லி வைத்துவிட்டேன். இன்சர்ட் கேபிள் எட்டும் இந்த வாரம் பற்றவைக்கிறேன். ஷீல்டை இன்டர்ஃபேஸ் முனையிலும் சேர்க்கணுமா, ஒரு பக்கம் விடலாமா?

ஒலிமேசை

ரெண்டு முனையிலும் சேருங்க. மோனோ பிளக்கில் ஷீல்டுதான் திரும்பும் வழி, விட்டால் உறுமல் மட்டும்தான் பதிவாகும்.